பதக்க விளிம்பிலிருந்து கியூ வரை: மதராஸ் சிப்பாய்களின் பதிவுகளைத் தேடி

முதல் நாள்: சென்னை, கிளம்பும் முன்

உலகப் போர்களுக்குப் போன தாத்தாவின் படைப் பதிவுகளைத் தேடி, சென்னையிலிருந்து லண்டனில் கியூ என்ற இடத்து ஆவணக் காப்பகம் வரை போகும் பயணம் இது. டிக்கெட் எடுப்பதற்கு முன் முடிக்க வேண்டிய வேலை, பதக்கத்தின் விளிம்பைப் படிப்பது. முதல் உலகப் போருக்காகக் கொடுத்த பிரிட்டிஷ் வார் மெடல், விக்டரி மெடல் இரண்டுக்கும் சுற்று விளிம்பில் எண், பதவி, பெயர், படைப்பிரிவு என்ற வரிசையில் ஆங்கில எழுத்து அடித்திருக்கும். 1914 ஸ்டார், 1914–15 ஸ்டார் என்ற நட்சத்திர வடிவப் பதக்கங்கள் என்றால் பின்பக்கத்துத் தட்டையான இடத்தில் பாருங்கள். பெயரை மட்டும் வைத்துக்கொண்டு எந்த ஆவண அலுவலகத்துக்குப் போனாலும் முத்துசாமிகள் கூட்டம் கூட்டமாக வருவார்கள். எண்ணும் படைப்பிரிவும் பெயரோடு சேர்ந்தால்தான் நம்முடைய முத்துசாமி தனியாகத் தெரிவார்.

பதக்கத்தைத் தேய்க்காதீர்கள். புளி, விபூதி, பிராஸோ எதுவும் வேண்டாம். ஏற்கெனவே நூறு வருஷம் தேய்ந்த எழுத்து, இன்னும் நாலு தேய்ப்பில் மொழுக்கென்று ஆகிவிடும். விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைப் பக்கவாட்டில், ஏறக்குறையப் படுக்கைவசமாகப் பிடித்தால் பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து எழும்பி வரும். செல்போனை அசையாமல் நிறுத்தி, பதக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி வரிசையாகப் படம் எடுக்கலாம். அப்படியும் தெளியவில்லையா, மெல்லிய டிரேசிங் தாளை விளிம்பில் சுற்றி, மெத்தென்ற பென்சிலின் பக்கவாட்டால் லேசாக உரசிப் பாருங்கள். 6, 8, 3 மூன்றும் ஒன்றுபோல ஏமாற்றும். சந்தேகம் உள்ள இலக்கத்துக்கு இரண்டு வாசிப்பையும் எழுதி வையுங்கள். பின்னால் பட்டியலோடு ஒப்பிடும்போது எது சரி என்று தெரிந்துவிடும்.

பதவிகள் சுருக்கமாகவே இருக்கும். எச்.ஏ.வி.ஆர். என்றால் ஹவில்தார், ஜே.இ.எம்.டி.ஆர். என்றால் ஜமேதார், எஸ்.யு.பி.டி.ஆர். என்றால் சுபேதார். எஸ். அண்ட் எம். என்று முடிந்தால் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ், அதாவது ராணுவப் பொறியாளர் படை. 1-73 என்று இருந்தால் 73ஆம் கர்நாடிக் காலாட்படையின் முதல் பட்டாலியன். சமையல்காரர், தண்ணீர் சுமப்பவர், டோலி தூக்குபவர் போன்றோருக்குப் பதவி இருக்கும் இடத்தில் அவர்கள் வேலையின் பெயரே இருக்கும். சண்டை போடாதவர் என்று அவர்களை ஒதுக்கிவிட வேண்டாம். அவர்களுக்கும் பதிவு உண்டு.

உலோகமும் பேசும். பிரிட்டிஷ் வார் மெடல் வெள்ளியில் இருப்பதுதான் வழக்கம். அதே பதக்கம் வெண்கலத்தில் இருந்தால், பெரும்பாலும் தொழிலாளர் படை, சுமைதூக்கும் படை போன்ற பிரிவுகளில் போனவர். 1914 ஸ்டார் இருந்தால் 1914 ஆகஸ்ட் 5க்கும் நவம்பர் 22க்கும் இடையே பிரான்ஸ் அல்லது பெல்ஜியத்தில் இருந்திருக்கிறார். 1914–15 ஸ்டார் என்றால் 1915 முடிவதற்குள் ஏதோ ஒரு போர்முனைக்குப் போய்விட்டார். ஸ்டார் இல்லாமல் வார் மெடலும் விக்டரி மெடலும் மட்டும் இருந்தால் 1916 அல்லது அதற்குப் பிறகு. இவ்வளவும் ஒரு காகிதமும் பார்க்காமலே தெரிந்துகொள்ளலாம். ரிப்பன் நிறத்தை மட்டும் நம்பக் கூடாது. வீட்டில் பழைய ரிப்பன் கிழிந்தபோது கைக்குக் கிடைத்ததைக் கோத்திருப்பார்கள்.

விளிம்பு வெறுமையாக இருந்தால் அரத்தால் ராவி எடுத்திருக்கலாம். வார் மெடலின் குறுக்களவு 36 மில்லிமீட்டர். வெர்னியர் காலிப்பரால் நாலைந்து இடத்தில் அளந்து பாருங்கள். ஓரிடத்தில் 35.5 என்று இறங்கினால் பெயர் அழிக்கப்பட்டிருக்கிறது. இன்னொரு குழப்பமும் உண்டு: பெயர் தெளிவாக இருக்கும், ஆனால் குடும்பத்தில் யாருக்கும் தெரியாத பெயராக இருக்கும். அடகுக்கு வந்த பதக்கத்தை யாரோ வாங்கியிருக்கலாம், நண்பர் கொடுத்திருக்கலாம். அதை வைத்துக் குடும்பக் கதை கட்டிவிடக் கூடாது.

சுமார் 12 சென்டிமீட்டர் அகலத்தில் கனமான வெண்கலத் தட்டு ஒன்று இருந்தால் அது பதக்கம் இல்லை, இறந்தவர் வீட்டுக்கு அனுப்பிய நினைவுத் தட்டு. பிரிட்டானியாவும் சிங்கமும் இருக்கும். செவ்வகக் கட்டத்துக்குள் பெயர் மட்டும் இருக்கும். எண், பதவி, படை எதுவும் வேண்டுமென்றே போடவில்லை, சாவில் எல்லோரும் சமம் என்பதற்காக. அந்தத் தட்டு இருந்தால் தேடலின் திசையே மாறிவிடும்: இரண்டு உலகப் போர்களிலும் இறந்தவர்களின் பட்டியலை வைத்திருக்கும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தில் (சி.டபிள்யூ.ஜி.சி.) தொடங்க வேண்டும்.

இரண்டாம் உலகப் போர்ப் பதக்கங்களில் பெயரே இல்லாமல் இருப்பது சகஜம். ஆறு முனை நட்சத்திரத்தின் நடு வளையத்தில் பர்மா ஸ்டார், ஆப்பிரிக்கா ஸ்டார், இத்தாலி ஸ்டார் என்று போர்முனை மட்டும் இருக்கும். பின்பக்கம் இந்திய வரைபடம் உள்ள வட்டப் பதக்கம் இந்தியா சர்வீஸ் மெடல். இங்கே எண்ணைத் தருவது டிஸ்சார்ஜ் சர்டிபிகேட்தான். அது இல்லையென்றால் பென்ஷன் புத்தகம், பழைய மணியார்டர் கூப்பன், முகாமிலிருந்து வந்த கடித உறை. உறையை ஒருபோதும் தூக்கிப் போடாதீர்கள். அனுப்புநர் இடத்தில் எண்ணும் கம்பெனியும் எழுதியிருப்பார்கள்.

இரண்டாம் நாள்: நந்தம்பாக்கம்

மவுண்ட் பூந்தமல்லி சாலையில் இருக்கிறது மெட்ராஸ் போர்க் கல்லறை. வெட்டிச் சீராக்கிய புல், ஒரே உயரத்தில் கற்கள். தென்னிந்தியாவிலும் கிழக்கிந்தியாவிலும் சிதறிக் கிடந்த இரண்டாம் உலகப் போர்ச் சமாதிகளை 1952இல் இங்கே கொண்டுவந்து சேர்த்தார்கள். பின்புறம் உள்ள முதல் உலகப் போர் நினைவுச் சுவரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன.

இங்கே வருகிறவர்கள் பலர் தங்கள் ஊர்ச் சிப்பாயைத் தேடிச் சுவர் முழுக்க விரல் வைத்துப் படித்துவிட்டு மனசு விட்டுப் போய்விடுகிறார்கள். அந்தச் சுவர், பராமரிக்க முடியாமல் போன கண்டோன்மென்ட் கல்லறைகளில் புதைக்கப்பட்டவர்களுக்கானது. கடல் தாண்டிப்போய் இறந்த மதராஸ் சிப்பாயின் பெயர் அவர் இறந்த போர்முனையின் நினைவுச் சின்னத்தில் இருக்கும். மெசபடோமியா (இன்றைய இராக்) என்றால் பாஸ்ரா, பிரான்ஸ் என்றால் நூவ் ஷாப்பேல், எகிப்து என்றால் ஹெலியோபோலிஸ். மலேயா, சிங்கப்பூர் என்றால் கிராஞ்சி. பர்மா என்றால் ரங்கூனுக்கு வெளியே தாவ்க்யான். வடமேற்கு எல்லையிலும் ஆப்கன் போரிலும் விழுந்தவர்களுக்கு டெல்லி இந்தியா கேட். தகனம் செய்யப்பட்டவர்களுக்குப் பல இடங்களில் தனியாகத் தகன நினைவகம் இருக்கிறது.

ஆகவே சுவருக்கு முன்னால் நிற்பதற்கு முன் ஆணையத்தின் இணையதளத்தில் தேடிவிடுவது நல்லது. கட்டணம் இல்லை. முதல் போருக்கு 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரை, இரண்டாவதற்கு 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை இறந்தவர்கள் பட்டியலில் வருவார்கள். சண்டை முடிந்து ரெண்டு வருஷம் கழித்து ஆஸ்பத்திரியில் இறந்தவரும் இருக்கலாம் என்பதை மறக்க வேண்டாம். குடும்பப் பெயர்க் கட்டத்தில் சிப்பாயின் ஒற்றைப் பெயரைப் போடுங்கள். எந்தப் படை என்ற இடத்தில் இந்தியா. பிறகு எழுத்துக்கூட்டலை மாற்றி மாற்றிப் போட வேண்டும்: சாமி என்பது எஸ்.ஏ.எம்.ஐ., எஸ்.டபிள்யூ.ஏ.எம்.ஐ., எஸ்.ஏ.டபிள்யூ.எம்.ஒய். என மூன்று விதமாகவாவது வரும். தங்கவேலுவில் எச் இருக்கும், இல்லாமலும் போகும். பழனியில் ழகரம் எல் ஆகியிருக்கும். ஆரோக்கியசாமியை இரண்டு துண்டாகவும் உடைத்திருப்பார்கள். பெயரில் எதுவும் கிடைக்காவிட்டால் பெயரையே விட்டுவிட்டுச் சேவை எண்ணை மட்டும் போட்டுத் தேடுங்கள்.

பதிவு கிடைத்தால் கூடுதல் தகவல் என்ற வரியைக் கவனமாகப் படியுங்கள். தகப்பன் பெயர், மனைவி பெயர், ஊர், மாவட்டம் இருந்தால் அது பொக்கிஷம். மாவட்டம் அந்தக் கால மாவட்டம்: வேலூர் பக்கம் என்றால் வட ஆற்காடு, கடலூர் என்றால் தென் ஆற்காடு.

பாஸ்ராவைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். அங்கே 40,000க்கும் மேற்பட்டோர் நினைவுகூரப்படுகிறார்கள். ஆனால் இந்தியச் சிப்பாய்களைக் கல்லில் பெயராகப் பொறிக்கவில்லை, படைவாரியாக எண்ணிக்கையாகப் போட்டார்கள். பெயர்கள் பதிவேட்டில்தான். 2021இல் ஆணையமே வெளியிட்ட அறிக்கை இந்தப் பாகுபாட்டை ஒப்புக்கொண்டது. கல்லின் புகைப்படத்தில் பெயரைக் காணோம் என்பதால் ஆள் பட்டியலில் இல்லை என்று ஆகாது.

மூன்றாம் நாள்: எழும்பூர்

ரயில் நிலையத்துக்கு எதிரே, காந்தி இர்வின் சாலையில், தமிழ்நாடு ஆவணக் காப்பகம். சிப்பாயின் சேவைக் கோப்பு இங்கே இருக்காது. இங்கே தேட வேண்டியது போரிலிருந்து திரும்பியவர்களுக்கு நிலம் ஒதுக்கிய வருவாய்த்துறை அரசாணைகள், மாவட்ட அரசிதழ்கள். ஆண்டுவாரி அட்டவணையில் ஊர்ப்பெயர் வழியாகப் போவதுதான் வேகமான வழி. குடும்பத்தில் பட்டாளத்து நிலம் என்ற பேச்சு இல்லையென்றால் இந்த நாளை மிச்சப்படுத்திக்கொள்ளலாம்.

அதைவிடப் பலன் தரக்கூடியது சொந்த மாவட்டத்து முன்னாள் படைவீரர் நல அலுவலகம். இரண்டாம் உலகப் போர் வீரர்களில் பென்ஷன் இல்லாதவர்களுக்கும் அவர்களுடைய விதவைகளுக்கும் தமிழ்நாடு அரசு மாத உதவித்தொகை கொடுக்கிறது. பாட்டி எப்போதாவது அதற்கு விண்ணப்பித்திருந்தால் டிஸ்சார்ஜ் சர்டிபிகேட்டின் நகல் அந்தக் கோப்பில் இருக்க வாய்ப்பு அதிகம்.

நான்காம் நாள்: வேலூர் பக்கத்துக் கிராமங்கள்

பெங்களூர் போகும் வழியிலேயே இறங்கலாம். வடதமிழ்நாட்டில் தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பிய ஊர்கள் உண்டு. கணியம்பாடியை அடுத்த கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்றே பெயர்.

முதல் உலகப் போருக்குப் பிறகு மெட்ராஸ் மாகாணத்துக் கிராமங்கள் பலவற்றில் சின்னக் கல்வெட்டுப் பலகை பதித்தார்கள். இந்தக் கிராமத்திலிருந்து இத்தனை பேர் 1914–1919 மகாயுத்தத்துக்குப் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள் என்று ஆங்கிலத்தில் இரண்டே வாக்கியம். பெயர் கிடையாது. ஆனாலும் அந்த எண்ணிக்கை மிக உபயோகமானது. இறந்தவர் மூன்று பேர் என்று கல் சொன்னால், ஆணையத்தின் பட்டியலில் அந்த ஊர்க்காரர் மூன்று பேர் கிடைக்கும்வரை தேடலாம். பழைய சாவடி, ஆரம்பப் பள்ளிச் சுவர், கோயில் மண்டபம் ஆகிய இடங்களில் பாருங்கள். சுண்ணாம்பு மேல் சுண்ணாம்பாக அடித்து எழுத்து மூடியிருந்தால் சுரண்ட வேண்டாம். ஈரத் துணியால் துடைத்துவிட்டு சாயங்கால வெயில் சாய்வாக விழும்போது படம் எடுத்தால் எழுத்து தெரியும்.

ஐந்தாம் நாள்: பெங்களூர்

மதராஸ் சாப்பர்கள் 1780 முதல் இருக்கும் படை. இன்றைக்கு மெட்ராஸ் இன்ஜினியர் குரூப். தலைமையகம் அல்சூர் ஏரிக்கரைப் பக்கம், பதிவு அலுவலகமும் பெங்களூரில்தான். விளிம்பில் எஸ். அண்ட் எம். இருந்தால், அல்லது டிஸ்சார்ஜ் தாளில் ஃபீல்டு கம்பெனி, ஃபீல்டு பார்க் கம்பெனி என்று இருந்தால் கடிதம் இங்கே வர வேண்டும்.

சாப்பர் குடும்பங்களுக்கு ஒரு நல்ல விஷயம் உண்டு. காலாட்படை நடுவில் கலைக்கப்பட்டது, சாப்பர்கள் தொடர்ச்சியாக இருந்தார்கள். சிக்கல் என்னவென்றால் கம்பெனிகளைத் தனித்தனியாக வெவ்வேறு டிவிஷன்களோடு அனுப்பினார்கள். ஒரே ஊர் இரண்டு சாப்பர்களில் ஒருவர் பர்மாவிலும் மற்றவர் இத்தாலியிலும் இருந்திருப்பார். ஆகவே கம்பெனி எண் இல்லாமல் போர்முனையைச் சொல்ல முடியாது. ஜார்ஜ் கிராஸ் என்ற வீரப் பதக்கம் பெற்ற சுபேதார் சுப்ரமணியன் 11ஆவது ஃபீல்டு பார்க் கம்பெனி. 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில் மிக்னானோ அருகே கண்ணிவெடி மேல் விழுந்து மற்றவர்களைக் காப்பாற்றி உயிர்விட்ட தமிழர். அவருடைய கம்பெனியில் இருந்தவர் என்று ஒரு தாளில் தெரிந்தால், அந்த மாதத்துக் கம்பெனி நாட்குறிப்பைத் தேடிப் படிக்காமல் விடாதீர்கள்.

பயனியர் கோர், ஆர்மி சர்வீஸ் கோரின் தென்பிரிவு ஆகியவற்றின் பதிவு அலுவலகங்களும் இதே ஊரில்தான். மற்றவை சிதறிக் கிடக்கின்றன: பீரங்கிப் படை நாசிக் ரோடு, சிக்னல்ஸ் ஜபல்பூர், மருத்துவப் படை லக்னோ, தளவாடக் கிடங்குகளைப் பார்க்கும் ஆர்டினன்ஸும் இயந்திரப் பழுதுபார்க்கும் இ.எம்.இ.யும் செகந்திராபாத். சென்னையில் ஆளெடுத்ததால் பதிவு சென்னையில் இருக்கும் என்ற நினைப்பு தவறு. எந்தக் கோரில் சேர்ந்தாரோ அந்தக் கோரின் ஊர்தான்.

ஆறாம் நாள்: வெலிங்டன்

மேட்டுப்பாளையத்தில் காலை 7:10க்குக் கிளம்பும் மலை ரயில் குன்னூருக்கு அடுத்து வெலிங்டனில் நிற்கிறது. ஸ்டேஷனிலிருந்து பார்த்தாலே பட்டாளத்து ஊர் என்று தெரியும். மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் தலைமையகமும் பதிவு அலுவலகமும் இங்கே.

நேரில் வந்தால் கோப்பைக் கையில் எடுத்துக் கொடுப்பார்கள் என்று எதிர்பார்த்து வரக்கூடாது. ராணுவ வளாகம் இது. கடிதம் முதலில் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும், நேரில் வருவது அந்தக் கடிதம் எந்த மேஜையில் இருக்கிறது என்று விசாரிக்க. ஆதார், கடித நகல், இறந்தவரோடு உள்ள உறவைக் காட்டும் சான்று மூன்றும் கையில் இருக்கட்டும்.

கடிதத்தை எப்படி எழுதுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தாத்தாவைப் பற்றிய எல்லா விவரமும் தேவை என்று எழுதினால், சேவை ஆவணங்கள் காலக்கெடு முடிந்து அழிக்கப்பட்டன என்று ஒரு வரி பதில் வரும். அது பொய்யில்லை. பென்ஷன் இல்லாமல் விலகியவர்களின் சேவை ஆவணங்களை 25 ஆண்டு வைத்திருந்து அழித்துவிடுவது ராணுவ விதி. போர் முடிந்ததும் 1946, 47இல் வீட்டுக்கு அனுப்பப்பட்ட ஆயிரக்கணக்கான தமிழர்கள் பென்ஷன் இல்லாதவர்கள். அவர்களுடைய கோப்பு போய் அரை நூற்றாண்டு ஆகிறது. ஆனால் லாங் ரோல் என்று ஒரு பேரேடு இருக்கிறது. ஆளுக்கு ஒரு பதிவு: எண், பெயர், சேர்ந்த தேதி, விலகிய தேதி, காரணம் போன்றவை. கோப்பு அழிந்த பிறகும் வைத்திருப்பது இதைத்தான். கடிதத்தில் லாங் ரோல் பதிவின் சான்றளித்த நகல் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். கேட்கும் தாளின் பெயர் தெரியாததாலேயே எத்தனையோ குடும்பங்கள் முதல் பதிலோடு நின்றுவிடுகின்றன. நெஞ்சு பொறுக்கவில்லை.

கடிதத்தின் தலையில் எண், பதவி, பெயர், தகப்பன் பெயர், ஊர், தாலுகா, அன்றைய மாவட்டம், சேர்ந்த ஆண்டு உத்தேசமாக. பெயருக்கு மூன்று எழுத்துக்கூட்டலும் கொடுங்கள். அதன் கீழே மூன்றே கேள்வி: லாங் ரோல் பதிவு; எந்தெந்தப் பதக்கத்துக்குத் தகுதி என்ற குறிப்பு; சேவையில் இறந்திருந்தால் தேதியும் இடமும். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. மத்திய அரசின் இணையதளத்திலேயே போடலாம், கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் தர வேண்டும். தனிநபர் தகவல் என்று மறுத்தால் பிரிவு 8(3)ஐக் காட்டி மேல்முறையீடு செய்யலாம். 20 ஆண்டுக்கு மேற்பட்ட நிகழ்வுகளுக்குப் பெரும்பாலான விலக்குகள் பொருந்தாது.

முதல் உலகப் போர்ச் சிப்பாய்களுக்கு வெலிங்டனில் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். காரணம் படையின் வரலாறு. 1903இல் தலைமைத் தளபதி கிச்சனர் படைகளுக்குப் புது எண் கொடுத்தபோது மதராஸ் காலாட்படைகளின் எண்ணோடு 60ஐக் கூட்டினார்கள். 3ஆவது பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி 63 ஆனது, 13 என்பது 73 ஆனது, 23ஆவது வாலாஜாபாத் 83 ஆனது. 1922இல் மறுபடி இணைத்து 3ஆவது மெட்ராஸ் ரெஜிமென்ட் ஆக்கினார்கள். பிறகு சிக்கனத்துக்காகப் பட்டாலியன்களைக் கலைத்தார்கள், 1933இல் மதராஸ் பயனியர்களையும் கலைத்தார்கள். இரண்டாம் உலகப் போர் வந்த பிறகுதான் ரெஜிமென்ட் மறுபடி எழுந்தது. நடுவில் கைமாறிய காகிதங்களில் எவ்வளவோ போய்விட்டது. ஒரே ஆளின் 1900ஆம் ஆண்டுத் தாளில் 13 என்றும் 1910 தாளில் 73 என்றும் இருந்தால் இரண்டு பேர் என்று குழம்ப வேண்டாம்.

ஏழாம் நாள்: டெல்லி

ஜன்பத்தில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போகும் முன் அபிலேக் படல் என்ற அதன் இணையதளத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள். நிறையக் கோப்புகள் ஸ்கேன் செய்து ஏற்றியிருக்கிறார்கள், இலவசம். 1906க்கு முன் மிலிட்டரி டிபார்ட்மென்ட், அதற்குப் பின் ஆர்மி டிபார்ட்மென்ட் என்று துறைப் பெயரை மாற்றித் தேட வேண்டும். சாதாரணச் சிப்பாயின் பெயர் கோப்புத் தலைப்பில் வருவது அபூர்வம். வீரப் பதக்கம் பெற்றவர், ஜமேதாருக்கு மேல் உள்ளவர், குடும்ப பென்ஷனுக்காக மேல்முறையீடு செய்த விதவை ஆகியோர் வருவார்கள்.

வீரப் பதக்கத்தையும் போர்க்களப் பதக்கத்தையும் ஒன்றாக்கிவிடக் கூடாது. வார் மெடல் போனவர்களுக்கெல்லாம் கொடுத்தது. இந்தியன் ஆர்டர் ஆஃப் மெரிட்டும், 1907இல் ஏற்படுத்திய இந்தியன் டிஸ்டிங்விஷ்டு சர்வீஸ் மெடலும் செய்த செயலுக்காகக் கொடுத்தவை. பின்னவை இருந்தால் அரசிதழில் அறிவிப்பு இருக்கும்.

இந்தியா கேட்டில் 13,000க்கும் மேற்பட்ட பெயர்கள். கீழே நின்று தேடி முடியாது. ஆணையத்தின் பதிவில் பெயர் எந்த முகப்பில் என்று இருக்கும், அதைக் குறித்துக்கொண்டு போய் நில்லுங்கள்.

பஞ்சாப் சிப்பாய்கள் 3,20,000 பேரின் கிராமவாரிப் பதிவேடுகள் லாகூர் அருங்காட்சியகத்திலிருந்து 2021இல் இணையத்துக்கு வரத் தொடங்கிய செய்தியைப் படித்துவிட்டு அதில் தமிழ்ப் பெயரைத் தேடுகிறவர்கள் உண்டு. அது பஞ்சாபுக்கு மட்டும்.

எட்டாம் நாள்: லண்டன், கியூ

பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகம் இங்கேதான். டிஸ்ட்ரிக்ட் லைனில் கியூ கார்டன்ஸ் ஸ்டேஷன், அங்கிருந்து நடை தூரம். ஞாயிறும் திங்களும் விடுமுறை. அனுமதி இலவசம், ஆனால் மூல ஆவணம் பார்க்க ரீடர்ஸ் டிக்கெட் வேண்டும். பெயருக்கு ஒரு சான்று, முகவரிக்கு ஒரு சான்று, இரண்டும் அசல். பாஸ்போர்ட்டோடு வீட்டு முகவரி உள்ள பேங்க் ஸ்டேட்மென்ட் போன்ற ஒன்றைக் கொண்டுவராமல் தவிப்பவர்கள் உண்டு. வாசிப்பறைக்குள் பென்சில் மட்டும். பேனா, ரப்பர், பை எல்லாம் லாக்கரில். கேமரா தாராளமாகக் கொண்டுபோகலாம். ஆவணங்களை வருமுன்பே ஆர்டர் செய்துவிட்டால் பாதி நாள் மிச்சம்.

முதலில் எதைத் தேடக்கூடாது என்று சொல்லிவிடுகிறேன். 1940 செப்டம்பரில் குண்டு விழுந்து எரிந்துபோனதாக எல்லோரும் சொல்லும் சேவைக் கோப்புகள் பிரிட்டிஷ் சிப்பாய்களுடையவை. நம் சிப்பாயின் கோப்பு அந்தக் கட்டடத்துக்கு வந்ததே இல்லை. எரிந்த கோப்புகளின் வரிசையில் அவரைத் தேடுவது வீண்.

தேட வேண்டியது நான்கு. டபிள்யூ.ஓ. என்பது வார் ஆபீஸ், பிரிட்டிஷ் போர்த்துறை; பின்னால் வரும் எண் ஆவண வரிசை. டபிள்யூ.ஓ. 372, முதல் உலகப் போர்ப் பதக்க அட்டைகள். இந்தியப் படையினரின் அட்டைகளும் இதில் உண்டு. பெயரோடு படைப்பிரிவையும் போட்டு இணையத்திலேயே தேடலாம். அட்டையில் வாழ்க்கை வரலாறு இருக்காது. பெயர், எண், பதவி, படை, எந்தப் பதக்கம், எந்தப் பட்டியல் என்பதோடு சரி. டபிள்யூ.ஓ. 373, வீரப் பதக்கங்களுக்கான சிபாரிசுகள். இரண்டாம் உலகப் போரில் இந்தியர்களுக்கானவை நிறைய. என்ன செய்தார் என்பதைத் தளபதி எழுதிய பத்தி அப்படியே இருக்கும். டபிள்யூ.ஓ. 100, 1912 வரையிலான போர்க்களப் பதக்கப் பட்டியல்கள். 1885இல் தொடங்கிய பர்மாப் போர், 1900 சீனப் போர் இரண்டிலும் மதராஸ் படைகள் இருந்தன.

நான்காவது போர் நாட்குறிப்புகள், இந்தப் பயணத்தின் உயிர் அவைதான். முதல் போருக்கு டபிள்யூ.ஓ. 95. இரண்டாவதற்கு தென்கிழக்கு ஆசியா டபிள்யூ.ஓ. 172, மத்திய கிழக்கு 169, இத்தாலி 170. ஒவ்வொரு பட்டாலியனும் கம்பெனியும் தினமும் எழுதிய தாள். முதல் போரில் படிவத்தின் பெயர் ஆர்மி ஃபார்ம் சி.2118: இடப்பக்கம் இடம், தேதி, மணி, நடுவில் நடந்தது, வலப்பக்கம் குறிப்பும் இணைப்பும். பென்சிலில், நனைந்த தாளில், அவசரத்தில் எழுதியவையும் உண்டு.

இதைப் படிக்க ஒரு முறை இருக்கிறது. சிப்பாயின் பெயரை நாட்குறிப்பில் தேடாதீர்கள், கிடைக்காது. பிரிட்டிஷ் அதிகாரி காயம்பட்டால் பெயர் இருக்கும், சிப்பாய்கள் இறந்தால் ஐ.ஓ.ஆர். 3 என்று எண்ணிக்கை இருக்கும், இந்தியச் சிப்பாய்கள் மூவர் என்று பொருள். ஆகவே ஆணையத்தின் பட்டியலில் கிடைத்த இறந்த தேதியை எடுத்துக்கொண்டு அந்தத் தேதியின் வரிக்குப் போங்கள். அன்றைக்கு மூன்று என்று இருந்து, பட்டியலில் அதே படையில் அதே தேதியில் மூன்று பேர் இருந்தால், அந்த எண்ணிக்கைக்குள் நம்மவர் இருக்கிறார். அவர் எந்தக் கரையில், எந்த மணிக்கு, எதனால் இறந்தார் என்பது அந்த இரண்டு வரியில் கிடைத்துவிடும். இறந்த தேதிக்கு முந்தைய பத்து நாளையும் படியுங்கள். காயம்பட்டுப் பின்னால் இறந்தவரின் சண்டை முந்தின வாரத்தில் இருக்கும். நாட்குறிப்பில் அன்று ஒன்றுமே இல்லையென்றால் ஆஸ்பத்திரியில் நோயில் இறந்திருக்க வாய்ப்பு அதிகம். மெசபடோமியாவில் நோய் ஏராளமானவர்களைக் கொன்றது.

நாட்குறிப்பு எந்தக் கட்டில் இருக்கிறது என்று அதன் எண்ணைக் கண்டுபிடிப்பதில்தான் தடுமாற்றம் வரும். நாட்குறிப்புகள் டிவிஷன், பிரிகேட், படை என்று அடுக்கியிருக்கின்றன. பட்டாலியன் நடுவில் பிரிகேட் மாறியிருந்தால் ஒரே பட்டாலியன் இரண்டு மூன்று கட்டில் இருக்கும். 63ஆவது பாளையங்கோட்டை, 61ஆவது பயனியர் இரண்டும் 1914 நவம்பரில் டாங்காவில் இறங்கியவை. அவற்றைக் கிழக்கு ஆப்பிரிக்கக் கட்டுகளில் தேட வேண்டும், பிரான்ஸ் கட்டுகளில் தேடினால் கிடைக்காது. டபிள்யூ.ஓ. 95இல் ஸ்கேன் ஆனவற்றை வீட்டிலிருந்தே இறக்கிக்கொள்ளலாம். ஆகாதவற்றுக்காகத்தான் கியூ.

ஒன்பதாம் நாள்: லண்டன், செயின்ட் பங்க்ராஸ்

பிரிட்டிஷ் நூலகத்தின் ஆசிய ஆப்பிரிக்க வாசிப்பறையில், லண்டனிலிருந்து இந்தியாவை நிர்வகித்த இந்தியா ஆபீஸ் துறையின் ஆவணங்கள். 2023 அக்டோபர் சைபர் தாக்குதலுக்குப் பிறகு இணையச் சேவைகள் கட்டம் கட்டமாகத்தான் திரும்பின, வருமுன் எது கிடைக்கும் என்று எழுதிக் கேட்டுவிடுங்கள்.

நம்மவர் ஜமேதார் அல்லது சுபேதார் என்றால் இந்த நாள் வீண் போகாது. எல்/மில்/17 என்ற ராணுவ ஆவண வரிசையில் இருக்கும் இந்தியன் ஆர்மி லிஸ்டில் படைவாரியாக இந்திய அதிகாரிகளின் பெயரும் நியமனத் தேதியும் அச்சாகியிருக்கின்றன. ஒரு பதிப்பில் பெயர் இருந்து அடுத்ததில் இல்லாமல் போனால் அந்த இடைவெளியில் ஓய்வு, மாற்றம், மரணம் ஏதோ ஒன்று நடந்திருக்கிறது. கமிஷன் பெற்ற அதிகாரிகளின் சேவைக் கோப்பு எல்/மில்/14. பழைய போர்களின் இந்தியப் படைப் பதக்கப் பட்டியல்கள் எல்/மில்/5. எல்/மில்/11 மதராஸ் படை என்று தலைப்பிட்டிருப்பதைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம், அதில் அதிகம் இருப்பது ஐரோப்பியச் சிப்பாய்களும் அதிகாரிகளும்தான்.

எல்லாத் தாளும் சேர்ந்த பிறகு சில குடும்பங்களுக்கு ஒரு வேலை மிஞ்சும்: சேவையில் இறந்தார் என்பது ஆவணத்தில் உறுதி, ஆனால் ஆணையத்தின் பட்டியலில் பெயரே இல்லை. சேர்க்கச் சொல்லி விண்ணப்பிக்கலாம், கட்டணம் கிடையாது. இரண்டு சான்று வேண்டும். ஒன்று, அவர் படையில் இருந்தார் என்பதற்கு: லாங் ரோல் நகல், டிஸ்சார்ஜ் தாள், பதக்க அட்டை ஏதாவது ஒன்று. மற்றொன்று, மேலே சொன்ன தேதிகளுக்குள் இறந்தார் என்பதற்கு: இறப்புச் சான்று அல்லது ராணுவத்தின் மரண அறிவிப்பு. படையில் இருக்கும்போதே இறந்திருந்தால் காரணம் எதுவானாலும் ஏற்பார்கள். விலகி வீட்டுக்கு வந்த பிறகு இறந்திருந்தால், படைச் சேவையில் வந்த காயமோ நோயோதான் காரணம் என்று காட்ட வேண்டும். குடும்ப பென்ஷன் கொடுத்த ஆணையில் அந்தக் காரணம் எழுதியிருந்தால் அதன் நகலை முதல் இணைப்பாக வையுங்கள்.